ஏழாம் சந்தில் யாரும் இல்லை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு எங்கள் ஏழாம் சந்திலிருந்த நாற்பத்திரண்டு குடும்பங்களும் ஒரேயடியாக இல்லாமல் போயின. பூகம்பம் இல்லை, வெள்ளம் இல்லை, கொள்ளை நோய் இல்லை. எல்லோரும் பல் விளக்கி, தேநீர் குடித்து, பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டி முடித்து, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே இல்லாமல் போனார்கள். அதற்குக் காரணம் என் கையெழுத்து. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

முதலில் எங்கள் சந்து எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். எதிரெதிரே இரண்டு பேர் குடத்தோடு வந்தால் ஒருவர் பின்னால் நடந்து போய்த்தான் ஆக வேண்டும். அப்படிப் பின்னால் நடந்தே சந்தின் மறுமுனைக்கு வந்து, வந்த வேலையை மறந்து, அங்கேயே குடித்தனம் வைத்தவர்களும் உண்டு. கூரைக்குத் தகரம். சுவருக்கு இடுப்பு வரை செங்கல், அதற்கு மேல் பழைய விளம்பரத் தட்டி. என் வீட்டுச் சுவரில் ஒரு பற்பசைக்காரியின் சிரிப்பு மட்டும் இருக்கிறது. முகத்தின் மீதியை எதிர்வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றால் முழுப் பெண்ணையும் பார்க்கலாம் என்று இளவட்டங்கள் சொல்வார்கள்.

எல்லாம் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. தினம் ஒருமுறை பெரிய தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. விடியற்காலையிலிருந்து குடங்கள் வரிசையில் நிற்கும். ஒருமுறை வரிசையின் தலையில் நின்றவருக்கு வாலில் நின்றவர் கடிதம் எழுதித்தான் நலம் விசாரிக்க முடிந்தது என்றால் நீங்கள் நம்ப வேண்டாம், எனக்குச் சொல்லப் பிடித்திருக்கிறது.

இந்த வரிசையால் அதிகம் நொந்தவள் என் கொழுந்தியாள். என் மனைவிக்கு நேர் இளையவள், எங்கள் பக்கத்து வீடு, தையல் தொழில். காலால் மிதிக்கிற மெஷின் ஒன்று. வாய், பத்து மெஷினுக்குச் சமம். பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தரும் வேலையைக் கடைத்தெருவில் ஒரு சீருடைக் கடைக்காரர் அவளுக்குக் கொடுத்திருந்தார். ஒரு நாளைக்கு ஆறு சட்டை அவருடைய கணக்கு. அவளால் நாலுதான் முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் லாரிக்காகக் குடத்தின் பக்கத்தில் நிற்பதிலேயே போனது. கடைக்காரர் நல்ல மனுஷர், மாதக் கடைசி வரை பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்குள் ஆறு வராவிட்டால், ஒன்பதாம் சந்தில் கரண்ட் மெஷின் வைத்திருப்பவரிடம் வேலையைக் கொடுத்துவிடுவாராம்.

“தினம் ரெண்டு சட்டை தண்ணியில போகுது மாமா,” என்பாள். வேறு எதையும் பற்றி அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் வீட்டுக்கு வீடு குழாய் போடும் திட்டம் வந்தது. எந்த வெளிநாட்டுப் புண்ணியவானோ பணம் தருகிறாராம். அதற்கு முன்னால் கணக்கெடுக்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள். இருபத்திரண்டு வயது இருக்கும், தோளில் பை, கையில் ஒரு வண்டி படிவம். பாவம், ஆறு சந்துகளையும் எழுதி எழுதி மணிக்கட்டு வீங்கி, எங்கள் சந்துக்கு வரும்போது பேனாவைக் கரண்டி மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஓய்வு பெற்றவனுக்குச் சும்மா இருப்பதைத் தவிர வேறு என்ன வேலை? ஆனால் முப்பத்து நாலு வருஷம் பார்சல் கூடத்தில் மூட்டைகளின் மேல் மையால் விலாசம் எழுதியவன் நான். என் எழுத்தைப் பார்த்து, சேர வேண்டிய ஊருக்குச் சாக்குகள் தாமாகவே எழுந்து நடந்து போனது உண்டு. அந்தப் பெண்ணிடம், நீ கேள்வியைக் கேளம்மா, நான் எழுதுகிறேன் என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் சந்தில் வரிசையில் நிற்காமல் யாருக்காவது தண்ணீர் வந்தது அன்றைக்குத்தான்.

பெயர், வயது, தொழில், வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘நிலை’. அதற்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். அவளும் வேலைக்குப் புதுசு. குடும்பத்தோட நிலைமைதான் ஐயா, கஷ்டமா வசதியான்னு எழுதுங்க என்றாள்.

‘ஏழை’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தெரிந்த முகங்கள், தினமும் பேசுகிற மனிதர்கள், அவர்களைப் போய் அப்படி எழுதுவதா? கொஞ்சம் மரியாதையாக, ‘வசதி இல்லாதவர்’ என்று எழுத நினைத்தேன். ஆனால் என் எழுத்து சாக்குமூட்டைக்குப் பழகிய எழுத்து, ஒவ்வொன்றும் பூசணிக்காய் பருமன். கட்டமோ தீப்பெட்டி அகலம். இரண்டு சொல் அதில் அடங்கவில்லை. எனவே வசதிக்காக வசதியை விட்டுவிட்டு, ‘இல்லாதவர்’ என்று மட்டும் எழுதினேன். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் எழுதினேன். கருணை பொங்க, கொம்பும் சுழியும் சற்றும் பிசகாமல் எழுதினேன். என் வீட்டுக்கு எழுதும்போது மட்டும் கடைசி ‘ர்’ மேல் புள்ளியை ஒரு முத்து மாதிரி வைத்தேன்.

அலுவலகத்தில் ‘நிலை’ என்றால் வேறாம். ஆள் இருக்கிறாரா, இல்லையா, வீடு பூட்டிக் கிடக்கிறதா என்பதற்கான கட்டமாம் அது. இது எனக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. அங்கே கணினியில் ஏற்றியவருக்கு எங்களைத் தெரியாது. இப்படி மூன்று தெரியாதுகள் சேர்ந்து நாற்பத்திரண்டு குடும்பத்தை விழுங்கிவிட்டன.

அது தெரிய வந்த நாள்தான் நான் முதலில் சொன்ன செவ்வாய்க்கிழமை. குழாய் போடும் ஆட்கள் பெரிய தெருவைத் தோண்டிக்கொண்டே வந்தார்கள். ஐந்தாம் சந்துக்குள் போய் வந்தார்கள். ஆறாம் சந்துக்குள் போய் வந்தார்கள். எங்கள் சந்து வாசலுக்கு வந்ததும் அவர்களுடைய மேஸ்திரி காகிதத்தைப் பார்த்தார், எட்டாம் சந்துப் பக்கம் கையைக் காட்டினார், எல்லோரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்கள்.

கொழுந்தியாள் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். அவள் பின்னால் நாங்கள் நாற்பது ஐம்பது பேர்.

“ஏழாம் சந்துல யாரும் இல்லைம்மா,” என்றார் மேஸ்திரி, எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டே.

“அப்ப நான் யாரு?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? உள்ள நாற்பத்திரண்டு வீடு, நாற்பத்திரண்டுலயும் ஆள் இல்லைன்னு இருக்கு. இல்லாதவங்களுக்குக் குழாய் போட்டா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க.” பிறகு வெயிலில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்.

அவள் உள்ளே போனாள். அன்றைக்கு வரிசையில் நின்று கொண்டுவந்த ஒரே குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்து நீட்டினாள். அவர் அண்ணாந்து குடித்தார்.

“மெதுவா குடிங்கண்ணே,” என்றாள். “இல்லாதவ கொடுத்த தண்ணி. விக்கிக்கப் போகுது.”

மறுநாள் நானும் அவளும் குடிநீர்ப் பிரிவு அலுவலகத்துக்குப் போனோம். அலுவலகங்கள் எனக்குப் பழக்கம் என்று சொல்லி நான்தான் அழைத்துப் போனேன். எங்கோ கணினி தப்பு செய்திருக்கும், ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும் என்று வழியெல்லாம் தைரியம் சொன்னேன். பிரிவு அதிகாரி ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா, பேச்சில் சர்க்கரை. உட்காரச் சொன்னார். இல்லாதவர்களை உட்காரச் சொன்ன முதல் அதிகாரி அவராகத்தான் இருக்கும்.

விஷயத்தை அவர் விளக்கிய அழகை நான் அப்படியே சொல்கிறேன். பட்டியலில் பிழை இருந்தால் மனு கொடுக்கலாம். மனுவைக் குடியிருப்பவர்தான் கொடுக்க முடியும். ஏழாம் சந்தில் குடியிருப்பவர் யாரும் இல்லை, எனவே மனு கொடுக்க ஆள் இல்லை. நேரில் வந்து பார்க்கச் சொல்லலாம். ஆனால் ஆள் இல்லாத இடத்துக்கு ஊழியரை அனுப்பக் கூடாது என்று விதி இருக்கிறது. அங்கே போய் அவர் யாரைப் பார்ப்பார்? அதுவும் போக, பட்டியலை இன்னும் ஒன்பது நாளில் மூடுகிறார்கள். அதற்குப் பிறகு கடவுளே வந்தாலும் குழாய் கிடையாது. சொல்லிவிட்டு அவரே வருத்தப்பட்டார்.

நான் விடுவேனா? மூலப் படிவத்தைக் காட்டுங்கள், எந்த மடையன் இப்படி எழுதினான் என்று பார்க்கலாம் என்று மேஜையைத் தட்டினேன். அவர் கோப்பை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார்.

பூசணிக்காய் பூசணிக்காயாக நாற்பத்திரண்டு ‘இல்லாதவர்’.

கொழுந்தியாள் படிவத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் படிவத்தைப் பார்த்தாள். அவள் வாசலில் மாட்டியிருக்கும் தையல் பலகையை எழுதிக் கொடுத்தவனே நான்தான். என் ‘ல்’லின் வாலை இருட்டில் தடவிக்கூட அவள் கண்டுபிடிப்பாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடவில்லை. இருந்தாலும் மிகவும் கவனமாகப் பார்த்தேன்.

இது யார் எழுத்து, கணக்கெடுத்த பெண்ணின் எழுத்து மாதிரி இல்லையே என்று அதிகாரி யோசித்தார். நான் பயந்துபோனேன். எனக்காக இல்லை, என்னை வேலையிலிருந்து தூக்க இனி யாராலும் முடியாது. அந்தப் பெண்ணைத் தூக்கிவிடுவார்கள்.

“யாரோ ரொம்பப் படிச்சவங்க எழுத்து சார்,” என்றாள் கொழுந்தியாள். “அவ்வளவு அழகா எழுதுறவங்களுக்கு மூளைக்கு இடம் பத்தாது.”

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் வேறு வழியில்லாமல் வாதத்தில் இறங்கினேன். ஐயா, ‘இல்லாதவர்’ என்றால் வசதி இல்லாதவர், ஏழை என்றும் பொருள் உண்டே, இல்லாதவருக்குக் கொடு என்று சொல்கிறோமே, அது ஆளில்லாத வீட்டுக்குக் கொடு என்றா அர்த்தம் என்று கேட்டேன். அவர் நியாயஸ்தர், ஒப்புக்கொண்டார். நான் சொல்லும் பொருளும் உண்டு, அவர் சொல்லும் பொருளும் உண்டு, இதில் எது என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம், மூன்று மாதத்தில் பதில் வந்துவிடும் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. அவள் திட்டினால் நான் தாங்குவேன், நாற்பது வருஷப் பழக்கம். பேசாமல் வந்தால் செருப்புக்குள் கல் போட்ட மாதிரி இருக்கிறது. வாசலில் காத்திருந்த என் மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெஷின் ஓடுகிற சத்தமும் கேட்கவில்லை.

என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கையெழுத்து அழகா இருந்தா தலையெழுத்து கோணலா இருக்கும்னு சொல்வாங்க,” என்றாள். “ஏங்க, கையெழுத்து உங்களுக்கு, தலையெழுத்து என் தங்கச்சிக்கா?”

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு போட்டாள், ஆனால் எதிரில் உட்காரவில்லை. இரண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவே நின்று அந்தப் பற்பசைக்காரியாவது சிரிக்கிறாளே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கொழுந்தியாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். முகம் கழுவி, தலை வாரி, போருக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். அந்த அலுவலக வளாகத்தில் ஒரு குழாய் இருக்கிறதே, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டாள். நான் மின்விசிறியை மட்டும்தான் பார்த்தேன். அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். பூந்தொட்டிகளுக்கு ஊற்ற வைத்த குழாய், மூடினாலும் மூடாத குழாய், ராப்பகலாக ஒழுகிக்கொண்டே இருக்கும் குழாய்.

“மாமா, ஒரு சந்தேகம். அங்க போய் இல்லாதவங்க தண்ணி பிடிச்சா அது திருட்டா?”

நான் சட்டம் படித்ததில்லை. ஆனாலும் ஆழ்ந்து யோசித்து, ஆள் இருந்தால்தானே திருட்டு என்று தீர்ப்புச் சொன்னேன்.

அன்றைக்கே கிளம்பினோம். நாற்பத்திரண்டு வீட்டிலிருந்தும் குடம், வாளி, தவலை, டின், ஒரு வீட்டிலிருந்து குழந்தையின் தொட்டி. ஊர்வலத்துக்கு முன்னால் நான், இரண்டு கையிலும் கொழுந்தியாளின் குடங்களோடு. அது எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை. பட்டியல் மூடும் வரை அவள் குடத்தை நான்தான் சுமக்க வேண்டும், அதுவும் சிரித்த முகமாக.

காவலாளி தடுத்தார். யார் நீங்கள் என்றார். ஏழாம் சந்து என்றோம். அவர் உள்ளே போய்க் கேட்டு வந்தார். வந்தவர் முகம் குழம்பியிருந்தது. ஏழாம் சந்தில் யாரும் இல்லை என்று உள்ளே சொல்கிறார்களாம்.

“அதான் சொல்றோம்ணே,” என்றாள் கொழுந்தியாள். “யாரும் வரலை. நீங்க உக்காருங்க.”

அவர் நல்ல மனிதர், உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் நாள் அவள் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து குழாய்க்குப் பக்கத்தில் மரத்தடியில் போட்டாள். கை நீட்டினால் தண்ணீர். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் ஆறு சட்டை. அவள் வாழ்க்கையில் முதல் ஆறு. சட்டைகளை மடித்துவிட்டு மறுபடியும் பிரித்து எண்ணினாள்.

மூன்றாம் நாள் பாதிச் சந்து அங்கே குடிபெயர்ந்துவிட்டது. வேலிக் கம்பி முழுக்கத் துணி காய்ந்தது. எங்கள் சந்து முடிதிருத்துபவர் படிக்கட்டில் கண்ணாடியை மாட்டி நாற்காலி போட்டார். இரண்டாம் கவுண்ட்டர் குமாஸ்தா வந்து முடி வெட்டிக்கொண்டார். இல்லாதவர் வெட்டினார், முடி உண்மையாகவே இல்லாமல் போனது. என் மனைவி அதிகாரியின் ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டே எங்கள் குடும்பச் சண்டைகளை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் தொடங்கியவள், மதிய உணவு நேரத்துக்கு இரண்டாவது வருஷத்தைத்தான் எட்டியிருந்தாள். அதிகாரி ஜன்னலைச் சாத்தினார். புழுக்கத்தில் திறந்தார். மறுபடி சாத்தினார். எங்களைப் பட்டியலில் இல்லை என்று சொல்ல முடிந்ததே தவிர, காதில் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

நாலாம் நாள் அவருக்கு எல்லாச் சர்க்கரையும் தீர்ந்துபோனது. நடவடிக்கை எடுத்தார். அரசாங்கம் நடவடிக்கை எடுத்தால் நோட்டீஸ்தானே? அனுமதியின்றி அலுவலகக் குழாயில் தண்ணீர் பிடித்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு, வீட்டுக்கு ஒன்றாக நாற்பத்திரண்டு நோட்டீஸ். மூன்று பேனாவும் தேயத் தேயக் கையெழுத்துப் போட்டார்.

நோட்டீஸ் மறுநாள் வரும் என்ற செய்தி எங்களுக்கு அன்றைக்கே முடிவெட்டும் நாற்காலி வழியாக வந்துவிட்டது. கொழுந்தியாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்: நாளைக்கு யாரும் வெளியே போகக் கூடாது, நோட்டீஸை நேரில் வாங்க வேண்டும், வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து வீட்டில் வாங்கி வைக்கிற வேலையெல்லாம் ஆகாது. மூட்டை தூக்கப் போகிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவள், எல்லோரும் லீவு போட்டுவிட்டு, எனக்கு எப்போ, எனக்கு எப்போ என்று வாசலில் காத்திருந்தார்கள்.

அலுவலகப் பியூன் அவர் வாழ்நாளில் அப்படியொரு வரவேற்பைப் பார்த்திருக்க மாட்டார். நோட்டீஸ் கொடுக்கப் போனால் கதவைச் சாத்துவார்கள், நாயை அவிழ்த்துவிடுவார்கள். இங்கேயோ நாற்காலி போட்டார்கள், விசிறினார்கள். ஒருத்தர் நோட்டீஸைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பதினெட்டாம் வீட்டு அம்மாளுக்கு எழுத்துப் பிழையோடு வந்திருந்தது, வேறு நல்ல நோட்டீஸாகக் கொடுங்கள் என்று சண்டை. முப்பதாம் வீட்டைத் தாண்டும்போது பியூன் ஒன்பது டம்ளர் தேநீர் குடித்திருந்தார், தள்ளாடினார். ஆனாலும் கடமை தவறாதவர். ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கி, பதிவேட்டில் ‘நேரில் வழங்கப்பட்டது’ என்று எழுதினார்.

கொழுந்தியாள் தன் நோட்டீஸை எடுத்து மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படித்தாள். “ஏழாம் சந்து, பன்னிரண்டாம் எண் வீட்டில் வசித்து வரும் தாங்கள்...” அதற்கு மேல் போகவில்லை. ‘வசித்து வரும் தாங்கள்’ என்பதை மட்டும் மூன்று தரம் படித்தாள்.

மறுநாள், பட்டியல் மூட இன்னும் மூன்று நாள், நாற்பத்திரண்டு நோட்டீஸையும் அடுக்கி அளவு நாடாவால் கட்டிக்கொண்டு அதிகாரி முன்னால் போய் நின்றாள். நான் குடங்களோடு பின்னால்.

“சார், இது யாரு கையெழுத்து?”

“என்னுது.”

“முத்திரை?”

“ஆபீஸோடது.”

“நேருல கொடுத்தாச்சுன்னு உங்க ஆளு எழுதியிருக்காரு. ஆள் இல்லாத இடத்துக்கு ஆளை அனுப்பக் கூடாதுன்னு விதின்னீங்க. இப்ப நாங்க இருக்கோமா சார், இல்ல விதியை மீறிட்டீங்களா?”

அதிகாரி நோட்டீஸ் கட்டைப் பார்த்தார். மேலேயிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என்று உருவிப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவருடைய கையெழுத்து. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு என்னவோ அவர் சிரிப்பை அடக்கியது போலத்தான் தோன்றியது, என் மனைவி அது அழுகை என்கிறாள். கணினியை இழுத்து வைத்துக்கொண்டு, இப்போதே திருத்திவிடுகிறேன் என்றார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பார்சல் கூடத்தில் தலைகீழாகக் கிடக்கும் மூட்டைகளையும் படித்துப் பழகியவன் நான். கண்ணாடி அலமாரியில் தெரிந்த கணினித் திரையை நான் அப்படியே வாசித்தேன். ‘இல்லாதவர்’ என்பதை அழித்துவிட்டு அவர் அடித்திருந்தது: ‘இருப்பவர்’.

“ஐயா, கையை எடுங்க,” என்று நான் போட்ட சத்தத்தில் மூன்றாம் கவுண்ட்டர்காரர் மை டப்பாவைக் கவிழ்த்துவிட்டார்.

விஷயம் இதுதான். இதே பட்டியல்தான் நிவாரண அரிசி கொடுக்கும் அலுவலகத்துக்கும் போகிறது. அங்கே ‘இருப்பவர்’ என்று பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இருப்பவன் என்றால் வசதி இருப்பவன். நாற்பத்திரண்டு பணக்காரக் குடும்பம், இவர்களுக்கு எதற்கு அரிசி என்று அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அடுப்பில் வைக்க அரிசி இருக்காது. ஒரு சொல்லால் ஒருமுறை கெட்டவனுக்கு அடுத்த சொல் எங்கே கடிக்கும் என்று தெரியும்.

அதிகாரி பயந்துபோய் அதை அழித்தார். ‘உள்ளவர்’ என்று அடித்தார். உள்ளவன் என்றாலும் பணக்காரன்தானே என்றேன். அழித்தார். மூன்று கவுண்ட்டர்காரர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். காவலாளியும் வந்தார். ஆளுக்கொரு சொல். எதை எடுத்தாலும் ஒன்று எங்களைக் கோடீஸ்வரர் ஆக்கியது, இல்லையென்றால் காற்றில் கரைத்தது. பொருள் இல்லாதவனை இல்லை என்கிறோம், பொருள் இருப்பவனைத்தான் இருக்கிறான் என்கிறோம். இத்தனை வருஷம் இந்தச் சொற்களை மூட்டை மூட்டையாகச் சுமந்த எனக்கு, அவற்றுக்குள் என்ன கட்டியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அரை மணி நேரம் அரசாங்க வேலை நின்றது. வழக்கமாகவும் நிற்கும், ஆனால் இந்த மாதிரி எல்லோரும் நின்று யோசித்ததால் நின்றதில்லை.

மரத்தடியில் போட்டு வந்த துணி அவளுக்குக் காத்திருந்தது. கொழுந்தியாள் பொறுமை இழந்தாள்.

“‘குடியிருக்காங்க’ன்னு போடுங்க சார். இருக்கிறவனும் எங்கயாவது குடியிருந்துதானே ஆகணும், இல்லாதவனும் குடியிருந்துதானே ஆகணும்.”

அதிகாரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ‘குடியிருப்போர்’ என்று அடித்தார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று என் முகத்தைப் பார்த்தார். நான் அலமாரிக் கண்ணாடியில் இரண்டு தரம் படித்துவிட்டுத் தலையாட்டினேன். நான் எழுதித் தரட்டுமா என்று வாய் வரை வந்தது. கொழுந்தியாள் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன்.

பட்டியல் மூடிய மறுநாளே அந்த மேஸ்திரி திரும்பி வந்தார். எங்கள் சந்துக்குள் எந்த இயந்திரமும் நுழையாது, மண்வெட்டியே பக்கவாட்டில்தான் நுழையும். எனவே சந்துக்காரர்களே இறங்கித் தோண்டினோம். நான் மேற்பார்வை. பன்னிரண்டாம் எண் வீட்டு வாசலில் குழாயை நட்டபோது மாதம் முடிய நாலு நாள் இருந்தது.

முதல் தடவை திறந்ததும் காற்றுதான் வந்தது. உஸ்ஸென்று பத்து நிமிஷம் வந்தது. மொத்தச் சந்தும் சுற்றி நின்று அதைக் கச்சேரி மாதிரிக் கேட்டது. அப்புறம் இருமியது. செம்மண் கலரில் கொஞ்சம் துப்பியது. பிறகு பென்சில் பருமனில் தண்ணீர் வந்தது.

பென்சில் பருமன்தான். இரண்டு விரலால் பிடித்து நிறுத்திவிடலாம். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரமாகும் என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஆனால் கொழுந்தியாள் மெஷினை வாசலுக்கு இழுத்துப் போட்டாள். குடத்தைக் குழாயின் கீழ் வைத்துவிட்டுச் சட்டைக்கு ஒரு கை தைத்தாள். கை முடியவும் குடம் நிறையவும் சரியாக இருந்தது. குடத்தை மாற்றி வைத்துவிட்டு மறு கை. மூன்றாவது குடத்துக்குக் காலர். பொத்தானுக்கு வந்தபோது அண்டா நிறைந்து, என் மனைவி தன் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

மாதத்தின் கடைசி நாள் சீருடைக் கடைக்காரரே நேரில் வந்தார். சந்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, தோண்டிய மண்ணையெல்லாம் தாண்டி, பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆறு சட்டை ஆயிற்றா என்று கேட்டார். அவள் தலை நிமிராமல் பக்கத்தில் மடித்து வைத்திருந்த அடுக்கைக் காட்டினாள். அவர் எண்ணினார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தரம் எண்ணினார்.

“ஏழு இருக்கேம்மா?”

“ஆமாண்ணே,” என்றாள் மெஷினை மிதித்துக்கொண்டே. “இன்னைக்குத் தண்ணி கொஞ்சம் அதிகமா வந்துடுச்சு.”